98.6 தோற்றது, அப்புறம்?

பையின் மதிப்பு 3.14-க்கு மேல் நம்மில் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. ஆனால் 98.6 எல்லா வீட்டிலும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டிகூடத் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு, ஒண்ணுமில்ல, போய் விளையாடு" என்பார். பழைய ஆட்கள் சிலர் 98.4 என்பார்கள், அது ஆங்கிலேயர் விட்டுப்போன வழக்கம். நான் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். கருதுகோள் சோதனையைத் தொடங்கும்போது கரும்பலகையில் முதலில் எழுதுவது இந்த எண்ணைத்தான். "ஒரு பெரிய கூட்டத்தின் சராசரி இவ்வளவு என்று சொல்கிறார்கள், நம்பலாமா?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பாடப்புத்தகங்களில் பல்பின் சராசரி ஆயுள் என்று ஒரு கணக்கு வரும். பல்பு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன, மாணவர்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. உடம்புச் சூடு அப்படியில்லை, கணக்கு முடிவதற்குள் பின்வரிசையில் ஒருவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வழக்கமாக அந்த வகுப்பு "எனவே 98.6 நிராகரிக்கப்படுகிறது" என்ற வரியோடு முடியும், எல்லோருக்கும் ஒரு சின்ன சந்தோஷம், டாக்டர்கள் சொல்வதையே கணக்கு பொய்யாக்கிவிட்டதே என்று. அந்த வரிக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டது மதுரையில் இருக்கும் என் அக்கா. அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள், புள்ளியியல் படித்தவள் இல்லை.

நடந்தது இதுதான். அக்கா மகன் நான்காம் வகுப்பு. அவன் பள்ளியில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி தெர்மாமீட்டரை இன்னும் விடவில்லை. 99-க்கு மேல் காட்டினால் பையனை அழைத்துப் போகச் சொல்லிப் போன் வந்துவிடும். ஒரு நாள் மத்தியானம் விளையாட்டு வகுப்பு முடிந்து வெயிலிலிருந்து உள்ளே வந்தவனுக்கு 99.2 காட்டியிருக்கிறது. அக்கா பாதியில் நின்ற தையலை விட்டுவிட்டுப் போய்க் கூட்டி வந்தாள். வீட்டில் மாமியார் கழுத்தில் கை வைத்துப் பார்த்து "உள்காய்ச்சல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பையன் அதற்குள் மூன்று தோசை தின்றுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். "நீதான் சராசரி சராசரின்னு வருஷம் பூரா பேசறியே, இதுக்கு ஒரு வழி சொல்லுடா, அந்த ஸ்கூல்ல போய் சண்டை போடணும்" என்றாள். எனக்குக் கரும்பு தின்னக் கூலியா? 98.6-இன் கதையை முழுக்கச் சொன்னேன்.

லைப்சிக்கிலிருந்து பால்டிமோருக்கு

கதை தெரிந்தவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடலாம். 1868-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிக், நோயில் உடம்புச் சூடு எப்படி மாறுகிறது என்று ஒரு பெரிய நூல் வெளியிட்டார். சுமார் 25,000 நோயாளிகள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள், பெரும்பாலும் அக்குளில் எடுத்தவை. ஆரோக்கியமான உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ் என்று அவர் சொன்னார். அந்த 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. நம் வீட்டு எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆறு, அளந்து வந்த ஆறு இல்லை, பெருக்கிக் கூட்டியதில் வந்த ஆறு. 37 என்பதை முழு எண்ணாகத் திருத்திச் சொன்னது என்று எடுத்துக்கொண்டால் அதற்குள் 97.7-உம் அடங்கும், 99.5-உம் அடங்கும். அமெரிக்காவிலும் நம் ஊரிலும் ஃபாரன்ஹீட் புழங்கியதால் முழு எண்ணுக்குத் தசமப் புள்ளி முளைத்தது. தசமப் புள்ளி வந்துவிட்டால் ஜனங்களுக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது.

124 வருஷம் கழித்து, 1992-இல், ஃபிலிப் மக்கோவியாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், பால்டிமோரில், தடுப்பூசிப் பரிசோதனைக்காக வந்து தங்கியிருந்த 18 முதல் 40 வயதுக்குட்பட்ட 148 ஆரோக்கியமான ஆண்கள் பெண்களுக்கு மின்னணுத் தெர்மாமீட்டரை வாயில் வைத்து எடுத்த 700 அளவீடுகள். சராசரி 98.2. திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியை விட்டு வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்பது, 0.7. அந்த 700-இல் மிகச் சரியாக 98.6 காட்டியவை 56, அதாவது நூற்றுக்கு எட்டு. காலை ஆறு மணிக்குச் சூடு மிகக் குறைவு, மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் உச்சம். பெண்களின் சராசரி ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம், 98.4-உம் 98.1-உம்.

இப்போது சோதனை. முதலில் எதிராளி சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டுவிட வேண்டும், இதுதான் புதிதாகப் படிப்பவர்களுக்கு உறுத்தும். இன்மைக் கருதுகோள் என்று பாடத்தில் சொல்வது அதைத்தான். சரி, உலகத்தில் ஆரோக்கியமான பெரியவர்களின் சராசரி 98.6-தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட உலகத்திலிருந்து 148 பேரைத் தற்செயலாக எடுத்தால் அவர்களுடைய சராசரி 98.6-ஐ விட்டு எவ்வளவு தூரம் தள்ளி விழக்கூடும்? தனி ஆள் 0.7 அளவுக்கு அங்கே இங்கே அலைவான், ஆனால் 148 பேரின் சராசரி அவ்வளவு அலையாது. 0.7-ஐ 148-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.058. இதுதான் திட்டப்பிழை. நமக்குக் கிடைத்ததோ 0.4 டிகிரி வித்தியாசம், திட்டப்பிழையைப் போல ஏழு மடங்கு. 98.6 உண்மையாக இருக்கும் உலகத்தில் இவ்வளவு விலகல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழே. பி-மதிப்பு என்பது அந்த வாய்ப்புதான். 98.6 உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு என்று அதைப் படிக்கக்கூடாது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒவ்வொரு வருஷமும் விடைத்தாளில் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் எழுதிவைப்பார்கள்.

கவனித்திருந்தால் நான் 700-ஐ எடுக்காமல் 148-ஐ எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். 700-ஐ வைத்து வகுத்தால் விலகல் பதினைந்து மடங்காகும், கேட்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் ஒரே ஆளை மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தால் அவன் மூன்று நான்கு ஆட்களாகிவிடுவானா? இயல்பிலேயே சூடு குறைந்த உடம்புக்காரன் ஒவ்வொரு தடவையும் குறைவாகத்தான் காட்டுவான். அளவீடுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்கவேண்டும் என்ற ஒரு வரியைப் பாடத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், கணக்கு போடும்போது மறந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரே அளவீடு என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 98.6 பிழைக்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இந்த ஏழு மடங்கை எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது என்பதற்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டுக்குப் பார்லி, ஹாப்ஸ் சம்பந்தமாக எப்போதும் நாலைந்து அளவீடுகள்தான் கைக்கு வரும். திட்டவிலக்கத்தையும் அதே நாலைந்திலிருந்தே மதிப்பிட வேண்டியிருக்கும்போது வழக்கமான இயல்நிலைப் பரவல், அதாவது நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் மணி வடிவக் கோடு, நம்மை ஏமாற்றும், இல்லாத உறுதியைக் காட்டும் என்று அவர் புரிந்துகொண்டார். 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடதுகை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, தன் கணக்கு சரிதானா என்று சரிபார்த்தார். கணினி இல்லாத காலத்துச் சிமுலேஷன். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 1908-இல் கட்டுரை "ஸ்டூடண்ட்" என்ற பெயரில் வந்தது. டி சோதனை அங்கிருந்து வந்ததுதான். 148 பேர் இருக்கும்போது டி அட்டவணைக்கும் இயல்நிலை அட்டவணைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்துப் பேர் இருந்தால் உண்டு.

அந்தப் பத்துப் பேரையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் தடுக்கி விழும் இடம் அது. இதே 98.2, இதே 0.7, ஆனால் பத்தே பேர். திட்டப்பிழை 0.22 ஆகிவிடும், விலகல் 1.8 மடங்குதான். ஐந்து சதவீத நிலையில், அதாவது தற்செயலாக வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் கீழே இருக்கவேண்டும் என்று வைத்தால், 98.6-ஐ நிராகரிக்க டி அட்டவணைப்படி 2.26 மடங்கு வேண்டும். நிராகரிக்க முடியாது. உடனே நம் ஆள் "98.6 சரி என்று நிரூபணமானது" என்று எழுதிவிடுவான். உண்மைச் சராசரி 98.2-ஆகவே இருந்தாலும், பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை இந்தச் சோதனை அதைப் பிடிக்காமல் விட்டுவிடும். சாட்சி போதவில்லை என்று விடுதலையானவன் நிரபராதி என்று பொருளில்லை, அவ்வளவுதான். அந்த ஐந்து சதவீதமும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் எழுதினார், உலகம் அதைப் பிடித்துக்கொண்டது.

அக்கா கேட்டது

இதெல்லாம் சுருக்கிச் சொல்லி, "ஆக, 98.6-ங்கறதே தப்புக்கா, 98.2-தான், கருதுகோளே தோத்துப்போச்சு" என்று முடித்தேன். போனில் கொஞ்ச நேரம் தையல் மிஷின் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் கேட்டாள்:

"அப்படின்னா நார்மல் இன்னும் கீழ போயிடுச்சு. 98.6-லேர்ந்து பார்த்தா இவன் புள்ளி ஆறுதான் அதிகம். உன் கணக்குப்படி முழுசா ஒரு டிகிரி அதிகம். அந்த ஸ்கூல் செஞ்சது இன்னும் சரின்னுல்ல ஆகுது? நான் என்னன்னு போய் சண்டை போடறது?"

வருஷக்கணக்காக நடத்தும் பாடத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அவள் கேட்டது அசட்டுக் கேள்வியும் இல்லை, கணக்குப்படியே அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இயல்நிலைப் பரவல் என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். சராசரி 98.6, திட்டவிலக்கம் 0.7 என்றால் 99.2-க்கு மேல் ஆரோக்கியமான பெரியவர்கள் நூற்றுக்கு இருபது பேர் போல இருப்பார்கள், ஐந்தில் ஒருவர். சராசரி 98.2 என்றால் அது நூற்றுக்கு ஏழு எட்டுப் பேராகக் குறைந்துவிடுகிறது. பையனுடைய 99.2 முன்பைவிடக் கொஞ்சம் அபூர்வமாகிவிட்டது. கருதுகோளைத் தோற்கடித்து அவனுக்கு உதவப்போகிறேன் என்று கிளம்பிய நான் அவனைக் காய்ச்சலுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டிருந்தேன்.

அதற்கு மேல் அவள் ஒன்று சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் போகவில்லை. "ஊர்ல இருக்கற பொம்பளைங்களோட சராசரி அளவை நீ எவ்வளவு துல்லியமா வேணா கண்டுபிடி. அதை வெச்சு ஒரு ஜாக்கெட் தைக்க முடியுமாடா?"

முடியாதுதான். எட்டு வருஷம் பாடம் நடத்திச் சொல்ல முயன்ற விஷயத்தை ஒரு வரியில் போட்டு உடைத்துவிட்டாள். பிரச்சினை இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்வதில் இருக்கிறது, இரண்டின் பெயரும் "திட்ட" என்று தொடங்குவது அந்தக் குழப்பத்துக்கு நன்றாகவே துணைபோகிறது. 0.7 என்பது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம். 0.058 என்பது சராசரி பற்றி நமக்கு இருக்கும் சந்தேகம். ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க இரண்டாவது சுருங்கிக்கொண்டே போகும், கோடிப் பேரை அளந்தால் கிட்டத்தட்ட மறைந்தே போகும். முதலாவது அசையவே அசையாது, அது மனித உடம்பில் இருப்பது, எத்தனை பேரை அளந்தாலும் 0.7 அங்கேயேதான் இருக்கும். கருதுகோள் சோதனை முழுக்க முழுக்க 0.058-இன் உலகத்தில் நடக்கிறது. சராசரி 98.1-க்கும் 98.3-க்கும் நடுவில் என்று அது அடித்துச் சொல்லும். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பையனோ 0.7-இன் உலகத்தில் நிற்கிறான், அங்கே 96.8-இலிருந்து 99.6 வரைக்கும் இருபதில் பத்தொன்பது ஆரோக்கியமானவர்கள் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கணக்கை வைத்துச் சண்டை போட முடியும் என்று அப்புறம்தான் உறைத்தது. பெரியவர்களுக்கான இந்த எண்களே குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று பள்ளிக்கூடத்துக்குச் சாதகமாகவே விட்டுக்கொடுத்தாலும், 98.2 சராசரியில் 99-ஐத் தாண்டுபவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பதிமூன்று பேர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்த நோயும் இல்லாத ஐந்து பேர் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். அதுவும் நாள் முழுவதையும் சேர்த்து வைத்த சராசரிக் கணக்கு. மத்தியானம் தாண்டினால் சூடு தானாகவே ஏறும், காலைக்கும் மாலைக்கும் நடுவில் 0.9 டிகிரி வரை ஊசலாட்டம் இருப்பதாக அந்த 1992 கட்டுரையே சொல்கிறது. 98.6 ஜெயித்ததா தோற்றதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சராசரி எங்கே என்று சோதித்துவிட்டு எல்லை எங்கே என்று முடிவு செய்வதுதான் கோளாறு.

யாருடைய சராசரி?

இதற்குப் பிறகு எனக்கு அந்த உதாரணத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. சோதனையின் சூத்திரத்தில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் சூத்திரத்துக்கு வெளியே மூன்று நான்கு விஷயங்களைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறோம், அவற்றில் எதையும் பி-மதிப்பு சோதிப்பதில்லை.

முழுமைத் தொகுதி என்று மூச்சுவிடாமல் சொல்கிறோமே, அதாவது நாம் சராசரி சொல்லும் அந்த மொத்தக் கூட்டம், அது யார்? 148 பேர் பால்டிமோரில் தடுப்பூசிப் பரிசோதனைக்குத் தாங்களாக முன்வந்தவர்கள். உலகத்து மனிதர்களின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர் ஒருவரும் கிடையாது, குழந்தைகள் கிடையாது. அவர்களை வைத்து "மனித உடம்பின் சராசரிச் சூடு 98.6 இல்லை" என்று சொல்லும்போது, தற்செயல் மாதிரி என்ற நிபந்தனையை நாம் நிறைவேற்றவில்லை, கற்பனை செய்துகொள்கிறோம். அது தப்பான கற்பனை என்று நான் சொல்லவில்லை, 0.4 டிகிரி வித்தியாசம் அவ்வளவு லேசில் மாயமாகாது. ஆனால் நூறு கோடியில் ஒன்று என்ற அந்தப் பயங்கர எண் இந்தக் கற்பனையின் முதுகில்தான் ஏறி நிற்கிறது.

பல பாடநூல்களிலும் இணையப் பயிற்சிகளிலும் 130 பேரின் உடம்புச் சூட்டுப் பட்டியல் ஒன்று சுற்றிவருகிறது, 65 ஆண்கள், 65 பெண்கள், சராசரி 98.25. நானும் அதைத்தான் மாணவர்களுக்குக் கொடுப்பது. அது 1996-இல் புள்ளியியல் கற்பித்தல் பற்றிய ஓர் இதழில் வந்தது, மக்கோவியாக்கின் கட்டுரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, அதற்கு ஒத்துப்போகும்படி கற்பித்தலுக்காக உருவாக்கிய பட்டியல். அதை உருவாக்கியவர் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கைமாறிக் கைமாறிப் போனதில் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிட்டது. உலகம் பூராவும் மாணவர்கள் அதில் டி சோதனை நடத்தி 98.6-ஐத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு அதில் குறையில்லை. ஆனால் அந்த 130 பேரும் மூச்சுவிட்ட மனிதர்கள் இல்லை என்று வகுப்பில் சொன்னபோது முகங்கள் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

அளக்கும் கருவியின் கதை இன்னும் சுவாரசியம். வுண்டர்லிக்கின் தெர்மாமீட்டர்களில் ஒன்று ஃபிலடெல்ஃபியாவில் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மக்கோவியாக் அதையும் வாங்கிச் சோதித்துப் பார்த்தார். இன்றைய கருவிகளைவிட 1.4 முதல் 2.2 டிகிரி செல்சியஸ் வரை அதிகமாகக் காட்டியது. அக்குளில் எடுத்தால் வாயைவிடக் குறைவாகக் காட்டும், கருவியோ அதிகமாகக் காட்டுகிறது, இரண்டு தவறும் ஒன்றையொன்று கொஞ்சம் தின்றுதான் 37 வந்திருக்கவேண்டும். பத்து லட்சம் அளவீடுகள் இருந்தும் என்ன பயன்? எண்ணிக்கை கூடினால் தற்செயல் பிழைதான் கரையும். கருவி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும், நம்முடைய தன்னம்பிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். கொரோனா காலத்தில் கடை வாசல்களில் நெற்றித் துப்பாக்கி நம்மையெல்லாம் 94, 95 என்று காட்டியது நினைவிருக்கிறதா? ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒரு நாளில் எடுத்த எண்களை வைத்து டி சோதனை நடத்தியிருந்தால், தமிழ்நாட்டு மக்களின் சராசரி உடம்புச் சூடு 98.6 இல்லை என்று பி-மதிப்பில் ஏகப்பட்ட பூஜ்யங்களோடு நிரூபித்திருக்கலாம். அங்கே அளந்தது தோலின் சூடு. ஏசியில் நின்றவனுக்கு ஒன்று, வெயிலில் வந்தவனுக்கு ஒன்று.

இதற்கெல்லாம் மேலே, அந்தச் சராசரி ஓரிடத்தில் நிற்கிறதா என்பதே கேள்வியாகிவிட்டது. 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கலந்துகொண்ட வடபுலத்துப் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகள், 1970-களின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு, 2007 முதல் 2017 வரை தங்கள் மருத்துவமனைப் பதிவுகள் என மூன்று காலத் தரவுகளை, மொத்தம் 6,77,423 அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்த காலம் பத்து வருஷம் தள்ளத் தள்ள 0.03 டிகிரி செல்சியஸ் குறைந்துகொண்டே வருகிறது. பழைய தெர்மாமீட்டர்தான் காரணம் என்று சுலபமாகத் தள்ளிவிடவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் படைவீரர்களுக்குள்ளேயே, ஒரே காலத்துக் கருவிகளால் அளந்தபோதும், முன்னால் பிறந்தவர்களுக்கும் பின்னால் பிறந்தவர்களுக்கும் அந்தச் சரிவு தெரிந்தது. நாட்பட்ட தொற்றுகளும் வீக்கங்களும் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஆக, வுண்டர்லிக் அவர் காலத்து லைப்சிக்குக்குப் பெரிய தவறாகச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். நாம் நிராகரித்த கருதுகோள் வேறொரு கூட்டத்தைப் பற்றியது.

ஆறேமுக்கால் லட்சம் என்று கேட்டதும் எனக்கு இன்னொரு பயமும் வரும். 0.7-ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.001-க்கும் கீழே போய்விடுகிறது. சராசரி 98.20 என்று ஒருவர் சொல்லி, உண்மை 98.21 ஆக இருந்தால்கூட, சோதனை அவரைப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். 0.01 டிகிரியை எந்த டாக்டர் பொருட்படுத்துவார்? தரவு மலையாகக் குவியும் இந்தக் காலத்தில் எந்தக் கருதுகோளையும் நிராகரித்துவிடலாம், துல்லியமாக ஒரு எண்ணைச் சொன்ன பாவத்துக்காகவே. அதனால்தான் நிராகரித்தோமா இல்லையா என்று மட்டும் எழுதும் விடைக்கு இப்போதெல்லாம் நான் முழு மதிப்பெண் போடுவதில்லை. எவ்வளவு தள்ளி, எந்த அலகில், அந்த அளவு யாருக்காவது பொருட்டா என்று எழுதினால்தான் முழு மதிப்பெண். சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, திருத்துவது கஷ்டம் என்கிறார்கள். கஷ்டம்தான்.

வாசலில் எந்த எண்?

அக்காவுக்கு அன்றைக்கு நான் கொடுத்திருக்கவேண்டிய பதில் அதே 1992 கட்டுரையிலேயே இருந்தது. மக்கோவியாக் குழு சராசரியை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஆரோக்கியமானவர்களில் மிக அதிகச் சூடு எதுவரை போகிறது என்று பரவலின் மேல் நுனியைப் பார்த்தார்கள். விடியற்காலையில் 98.9, நாள் முழுவதற்கும் 99.9, இவற்றைத் தாண்டினால் காய்ச்சல் என்று கருதலாம் என்றார்கள். செய்தித்தாள்களுக்குப் பிடித்தது 98.2 என்ற தலைப்புதான், மேல் எல்லை யார் காதிலும் விழவில்லை. எனக்கும் பாடம் நடத்த 98.2-தான் தேவைப்பட்டது, ஏனென்றால் டி சோதனைக்குச் சராசரிதான் வேண்டும். கருவிக்கு ஏற்ற கேள்வியைத் தேடிப்போகிற பழக்கம் எங்கள் துறையில் கொஞ்சம் ஜாஸ்தி.

அடுத்த வாரம் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் ஏற்கெனவே போய்ப் பேசிவிட்டிருந்தாள், என் கணக்கு எதுவும் இல்லாமல். விளையாட்டு வகுப்பு முடிந்து கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு எடுங்கள் என்று கேட்டாளாம், ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 99 என்ற எல்லையை மட்டும் மாற்றமாட்டார்கள், அது மேலிடத்து உத்தரவாம். "வேணும்னா அந்த 99.9-ஐ எழுதிக் குடு, கொண்டுபோய்க் காட்டறேன்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். அந்த 99.9 நாக்குக்கு அடியில் வைத்து எடுத்த எண், பெரியவர்களுடைய எண். பள்ளியில் எடுப்பது நான்காம் வகுப்புப் பையனின் நெற்றியில். நெற்றிக்கு எல்லை வேண்டுமானால், காய்ச்சல் இல்லாத அந்தப் பள்ளிப் பிள்ளைகளையே, அதே துப்பாக்கியால், அதே மத்தியான வேளையில் சில நாட்கள் அளந்து, நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மட்டும் தாண்டும் இடம் எது என்று பார்க்கவேண்டும். அதற்கு டி சோதனையே வேண்டாம், ஒரு நோட்டும் பொறுமையான ஒரு டீச்சரும் போதும். அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.